பிரஷ் ஸ்கிரிப்ட்: இடைவெளியில் கை வைக்காதீர்கள்

தூரிகையால் எழுதியது போலத் தெரியும் ஆங்கில எழுத்துரு பிரஷ் ஸ்கிரிப்ட். எழுத்துருக்கள் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர் அதைப் 'பழைய பாணி' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். 1942-ல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காக ராபர்ட் இ. ஸ்மித் வரைந்தது அது. எழுத்து பழசானதில்லை, பயன்படுத்தும் விதத்தில்தான் கெடுகிறது.

சிற்றெழுத்து ஒவ்வொன்றின் வால் நுனியும் அடுத்த எழுத்தைத் தொடும்படி ஸ்மித் அளந்து வைத்திருக்கிறார். டிராக்கிங்கை (எல்லா எழுத்துகளுக்கும் நடுவே சேர்க்கும் இடைவெளி) கொஞ்சம் கூட்டினாலே இணைப்பு அறுந்து, ஒரே வீச்சில் எழுதியது போன்ற தோற்றம் போய்விடும். அதனால் டிராக்கிங் பூஜ்யம். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் கெர்னிங் (அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளின் இடைவெளி) அமைப்பில், மென்பொருளே வடிவம் பார்த்துக் கணக்கிடும் 'ஆப்டிகல்' வேண்டாம், எழுத்துருவிலேயே உள்ள அளவை எடுக்கும் 'மெட்ரிக்ஸ்' வையுங்கள். முழுக்கப் பேரெழுத்தில் அடிப்பது இன்னும் மோசம். அவை சொல்லின் முதலில் நிற்க வரைந்தவை. வரிசையாக வைத்தால் ஒன்றையொன்று இடிக்கும், படிக்கவும் வராது.

ஸ்டிக்கர் கட்டிங்குக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க: இணைப்பில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், பிளேடு அந்த இடத்தில் குறுக்கே வெட்டிவிடும். கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில், டெக்ஸ்டாக இருக்கும்போதே பிரேக் அபார்ட் (பிரிக்கும் கட்டளை) கொடுத்துத் தனித்தனி எழுத்தாக்கி, மொத்தமாகப் பிடித்து வெல்ட் (ஒரே வடிவாக ஒட்டும் கட்டளை) செய்யுங்கள். கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிய பிறகு பிரேக் செய்தால் o, b போன்ற எழுத்துகளின் நடு ஓட்டை அடைபடும் (அவசரத்தில் பலர் மாட்டுவது இங்கேதான்).

கடைப் பெயர், மெனு தலைப்பு, டி-ஷர்ட் என இரண்டு மூன்று சொல்லுக்கு அருமை. பத்தி முழுக்க ஓட்டாதீர்கள். போலி போல்டும் (மென்பொருள் செயற்கையாகத் தடிப்பாக்குவது) வேண்டாம், தூரிகையின் தடிப்பு மெலிவு மழுங்கிவிடும்.