அந்த அங்கியைத் துவைக்கக் கொடுத்திருந்தால்

(கி.மு. 44, மார்ச் மாதக் கடைசி. ரோமை ஆண்ட ஜூலியஸ் சீசரைச் சபையில் ஒரு கூட்டம் குத்திக் கொன்று பத்து நாள் ஆகிறது. ரோம் நகரில், சுபுரா பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு சலவைக் கடை. சலவைக்காரர் தொட்டிக்குள் நின்று துணி மிதித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கடை மீன்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறார். மீன் விற்கிறவரே மூக்கைப் பிடிக்கிற வாடை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.)

மீன்காரர்: என்ன அண்ணே, காலையில் பார்த்தபோதும் இதையேதான் மிதித்துக்கொண்டிருந்தீர்கள்?

சலவைக்காரர்: இரத்தம் தம்பி. அன்றைக்கே பச்சைத் தண்ணீரில் நனைத்திருந்தால் போயிருக்கும். பத்து நாள் கழித்து, காய்ந்து கட்டியான பிறகு கொண்டுவந்து போட்டால்? புளித்த மூத்திரத்தில் ஊறவைத்தாயிற்று, உவர்மண் போட்டு மிதித்தாயிற்று, கந்தகப் புகைகூடக் காட்டிவிட்டேன், மங்குகிறதே தவிர போவேனா என்கிறது.

மீன்காரர்: யாருடையது?

சலவைக்காரர்: பெயரைக் கேட்காதே, அதற்கும் சேர்த்துத்தான் கூலி வாங்கியிருக்கிறேன். கோழி அறுத்தார்களாம். செனட்டர் என்றைக்கடா தன் கையால் கோழி அறுத்தார்?

மீன்காரர்: சுதந்திரம், சுதந்திரம் என்று கத்திக்கொண்டு இந்தப் பக்கமாகத்தானே ஓடினார்கள். ஒருவன் ஈட்டி முனையில் தொப்பியை மாட்டிக்கொண்டு வேறு வந்தான். நான் ஏதோ தொப்பி விற்கிறான் என்று நினைத்தேன்.

சலவைக்காரர்: சுதந்திரமெல்லாம் மேலே போர்த்துகிற துணி. உள்ளே ஆளுக்கொரு கறை. கொன்றவர்களில் காசியஸை எடுத்துக்கொள். நகரத்துப் பிரேட்டர், அதாவது நீதிபதி பதவி தனக்குத்தான் வரும் என்று இருந்தார், சீசர் அதைத் தூக்கி அவர் மச்சான் புரூட்டஸிடம் கொடுத்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை, மெகாரா ஊரில் விளையாட்டு விழாவுக்கென்று சேர்த்துவைத்திருந்த சிங்கங்களையும் சீசர் எடுத்துக்கொண்டார்.

மீன்காரர்: சிங்கத்துக்காகவா ஒரு மனிதனைக் கொல்வார்கள்?

சலவைக்காரர்: போன வருடம் உன் தராசை ஒருத்தன் இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதபோது நீ என்ன ஆட்டம் ஆடினாய்?

மீன்காரர்: அது புதுத் தராசு அண்ணே. சரி, புரூட்டஸுக்கு என்ன குறை? பார்சாலஸ் போரில் எதிர்ப்பக்கம் நின்றவரை மன்னித்து, பக்கத்தில் உட்காரவைத்தாரே சீசர். நல்ல மனிதர் என்றுதான் ஊரே சொல்கிறது.

சலவைக்காரர்: நல்லவர்தான். சைப்ரஸில் சலாமிஸ்காரர்களுக்கு வேறு ஆள் பெயரில் 48 சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்த நல்லவர்.

மீன்காரர்: நாற்பத்தெட்டா! என்னிடம் 12 வாங்குகிறவனை அட்டை, மூட்டைப்பூச்சி என்றெல்லாம் திட்டிவிட்டேனே. போய் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

சலவைக்காரர்: அவருக்குப் பேர்தான் வியாதி. மூதாதை ஒருவர் அந்தக் காலத்தில் ராஜாவை ஊரைவிட்டுத் துரத்தினாராம். அது போதாதா? "புரூட்டஸ், தூங்குகிறாயா?" என்று எழுதி அவர் நாற்காலியில் யார் யாரோ போட்டுவிட்டுப் போனார்கள். என் நாற்காலியில் எழுதிப் போட்டால், ஆமாம், தூங்குகிறேன் என்று திரும்பிப் படுத்திருப்பேன்.

மீன்காரர்: கோபம் எனக்கும் இருந்தது அண்ணே. இலவசக் கோதுமை வாங்குகிறவர்கள் 320,000 பேர் அதிகம் என்று சீசர் 150,000 ஆக வெட்டினாரே, அதில் போனது என் பெயர். ஆனால் நான் கத்தியை மீனில்தான் வைத்தேன்.

சலவைக்காரர்: அவர்களுக்கு அந்தக் கைப்பழக்கம்கூட இல்லையே. கூட்டுச் சேர்ந்தது 60 பேருக்கு மேல். விழுந்தது 23 குத்து. பார்த்த வைத்தியர், நெஞ்சில் பட்ட இரண்டாவது குத்து ஒன்றுதான் உயிரை எடுத்தது என்கிறார்.

மீன்காரர்: மீதி 22 எதற்கு? ஒரே வெட்டில் நான் சூரைத் தலையை எடுப்பேன்.

சலவைக்காரர்: நெரிசலில் புரூட்டஸ் கையையே யாரோ கிழித்துவிட்டார்கள். பந்திக்கு முந்துகிற மாதிரி விழுந்திருக்கிறார்கள். இதில் வேடிக்கை, எல்லாம் முடிந்த பிறகு கையில் கத்தியோடு வந்து கூட்டத்தில் கலந்துகொண்டவர்களும் உண்டு. பெருமையில் பங்கு வேண்டுமாம். அங்கியைப் பார்த்தால் தும்பைப்பூ! துவைக்கிறவன் கண்ணுக்குத் தப்புமா?

மீன்காரர்: சீசருக்கு வலதுகையான ஆண்டனியை ஏன் விட்டார்கள்?

சலவைக்காரர்: அவரையும் முடித்துவிடலாம் என்றுதான் காசியஸ் சொன்னார். புரூட்டஸ், கூடாது, அது அநியாயம் என்றுவிட்டார். அதனால் டிரிபோனியஸ் என்பவரை வாசலில் நிறுத்தி ஆண்டனியோடு பேச்சுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே ஆள் சாகிறார், வெளியே இருவரும் ஊர்க்கதை. முடிந்த பிறகாவது உடலை ஆற்றில் எறிந்தார்களா? அதுதான் முதலில் போட்ட திட்டமாம். பயத்தில் போட்டது போட்டபடி ஓட்டம். கடைசியில் மூன்று அடிமைகள் பல்லக்கில் வைத்து, ஒரு கை வெளியே தொங்கத் தொங்க வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் ஊரறிய இறுதிச் சடங்கு நடத்தவும் அனுமதி!

மீன்காரர்: சடங்குக்கு நான் போயிருந்தேன். அதற்கு முன்பே உயில் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. தலைக்கு 300 செஸ்டர்ஸ் நாணயம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் பொதுமக்களுக்கு. கேட்டதும் எனக்குத் தானாகக் கண்ணீர் வந்தது அண்ணே, கோதுமையெல்லாம் மறந்தேபோனது. சீசரைக் கையோடு வீட்டிலிருந்து சபைக்குக் கூட்டிவந்த சதிகாரர் டெசிமஸ் பெயரும் உயிலில் வாரிசு வரிசையில் இருந்ததாம், அதைக் கேட்டு ஒரு பாட்டி மண்ணை வாரித் தூற்றினாள். அப்புறம் ஆண்டனி சீசரின் அங்கியை, இரத்தமும் ஓட்டையுமாக, ஈட்டியில் தூக்கிக் காட்டினாரா, அவ்வளவுதான். பெஞ்சுகளை உடைத்து அங்கேயே சிதை அடுக்கிவிட்டோம். ஒரு பெஞ்சுக் கால் நான் தூக்கிக் கொடுத்தது.

சலவைக்காரர்: அதைத்தான் சொல்கிறேன். அறுபது பேரில் ஒருவனுக்காவது அந்த அங்கியை இங்கே கொண்டுவந்து போடத் தோன்றியதா? வெளுத்து மடித்துக் கொடுத்திருப்பேன். ஈட்டியில் தூக்கினாலும் கொடி என்று போயிருப்பீர்கள்.

மீன்காரர்: (மூலையைப் பார்த்து) அது என்ன, இரண்டு மூட்டையிலும் "சின்னா" என்று போட்டிருக்கிறது?

சலவைக்காரர்: கரை வைத்தது பிரேட்டர் சின்னாவுடையது. கொலைக்குப் பிறகு, கொடுங்கோலன் கொடுத்த பதவியின் உடை எனக்கு எதற்கு என்று ஊர் பார்க்கக் கழற்றி எறிந்தார். அதற்கடுத்த நாளே எடுத்து மாட்டிக்கொண்டு வந்து கல்லடி வாங்கினார். மற்றது கவிஞர் சின்னாவுடையது.

மீன்காரர்: ஒரு கவிதைக்கு ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டாரே, அவரா?

சலவைக்காரர்: அவரேதான். சீசருக்கு வேண்டியவர். பெயரைக் கேட்டதும் மற்றவர் என்று நினைத்து உங்கள் ஆட்கள் தலையை ஈட்டியில் செருகிவிட்டார்களே. யோசிக்க ஒன்பது நொடி எடுத்திருக்கலாம்.

மீன்காரர்: நான் பெஞ்சுக் கால் மட்டும்தான் அண்ணே.

சலவைக்காரர்: காலையில் பிரேட்டர் வீட்டுப் பையன் வந்தான். துணிக்கு அவசரமில்லையாம், அதில் போட்டிருக்கும் பெயரை மட்டும் உடனே பிரித்துவிட வேண்டுமாம்.

மீன்காரர்: (சற்று நேரம் கழித்து) அண்ணே, என் துணியில் என்ன அடையாளம் போடுகிறீர்கள்?

சலவைக்காரர்: மீன் படம்.

மீன்காரர்: அதுவே இருக்கட்டும்.