பெட்டி வேண்டாம், கோன் கொடுங்கள்

என்எஸ்-10 என்பது பாட்டு மிக்ஸ் செய்கிற ஸ்டுடியோக்களில் இருக்கிற யமஹா ஸ்பீக்கர், இப்போது உற்பத்தியில் இல்லை. அதற்குப் பாகமாவது கொடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டிருப்பதற்குத்தான் சனிக்கிழமை லைவில் பதில் வந்தது. அங்கே நடந்ததை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தத் தம்பி பேசிய இரண்டு நிமிடத்தை வெட்டி ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டீர்கள். என்னை டேக் செய்து "அண்ணே, உங்களத்தான் சொல்றாரு" என்று கண்ணடித்தவர்களுக்கும் நன்றி. "என்எஸ்-10 நல்லா இருந்திருந்தா யமஹா ஏன் நிறுத்தப் போறான்? எல்லாம் பெருசுங்களோட நாஸ்டால்ஜியா வியாதி" என்றார். சபையும் சிரித்தது. சரி, சிரிக்கட்டும். அவர் தலைக்குப் பின்னால் அலமாரியில் ஒரு ஜோடி என்எஸ்-10 இருந்ததே, கவனித்தீர்களா? கேமரா பக்கவாட்டில் திரும்பியபோது பார்த்தேன், பின்னால் ஒயர்கூடச் சொருகவில்லை. முன்னால் அதிர்கிற அந்த வெள்ளைக் காகிதக் கூம்பு, அதாவது கோன், படத்தில் எடுப்பாகத் தெரிகிறது என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். வியாதி எங்களுக்குத்தானாம்.

முதலில் ஏன் நிறுத்தினார்கள் என்று பார்ப்போம். நன்றாக இல்லாததால் நிறுத்தவில்லை. வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய யூனிட்) கோனுக்கு வேண்டிய மரக்கூழ் கிடைக்கவில்லை, அதனால் 2001-ல் யமஹா அந்த ஸ்பீக்கரை மூட்டை கட்டியது. 1978-ல் வீட்டு ஹைஃபை ஸ்பீக்கராக வந்து, வீட்டில் யாரும் சீந்தாமல், ஸ்டுடியோக்காரர்கள் கையில் கிடைத்துப் பிழைத்துக்கொண்ட பெட்டி அது. 1987-ல் ஸ்டுடியோவுக்கென்றே ட்வீட்டரையும் (உச்ச ஒலிக்கான சின்ன யூனிட்) கிராஸ்ஓவரையும் (ஒலியை இரண்டு யூனிட்டுக்கும் பிரித்துக் கொடுப்பது) திருத்தி ஒரு மாடல் விட்டார்கள். உற்பத்தி நின்று ஏழு வருடம் கழித்து, 2008-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி கொடுத்தார்கள். ஆள் போன பிறகு பொன்னாடை போர்த்துவது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

அந்தக் கோனைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வழக்கமான காகிதக் கோன் என்றால் கூழை அச்சில் அழுத்தி எடுப்பார்கள். இது தட்டையான தாளை வெட்டி, சுருட்டி, ஓரத்தை ஒட்டிச் செய்தது. நடுவிலிருந்து விளிம்பு வரை அந்த ஒட்டு ஒரு கோடாக ஓடும். நகத்தை லேசாக ஓட்டினால் தட்டுப்படும். அந்தத் தாள் போனால் அந்த ஸ்பீக்கர் போயிற்று. பெட்டி யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், தச்சர் போதும்.

ஸ்பீக்கர் மாடல்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. 1978-ல் ஜயர் (இன்றைய காங்கோ) நாட்டின் ஷாபா மாகாணத்தில் சண்டை வந்தது, கோபால்ட் விலை எகிறியது, கோபால்ட் சேர்ந்த அல்னிகோ காந்தம் கட்டுப்படியாகாமல் ஜேபிஎல் போன்ற ஸ்பீக்கர் கம்பெனிக்காரர்கள் ஃபெரைட் காந்தத்துக்கு மாறினார்கள். கேட்கிற நம் காதுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரும் அப்படித்தான். உள்ளே இருந்த டிரைவர்களை, அதாவது ஒலி எழுப்புகிற வூஃபர், ட்வீட்டர் யூனிட்டுகளை, கெஃப் என்ற இங்கிலாந்துக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. 1990-களின் கடைசியில் கெஃப் அவற்றை நிறுத்தியதும் பெட்டியும் நின்றது. அதை 2014-ல் ஃபால்கன் அகூஸ்டிக்ஸ் என்ற கம்பெனி எப்படித் திருப்பிக் கொண்டுவந்தது? முதல் வேலையாக டிரைவரைத் திரும்பச் செய்தார்கள். கெஃப்பில் அதன் வூஃபரான பி110-ஐ வடிவமைத்த மால்கம் ஜோன்ஸே கூட நின்றார். பாகம் வந்தது, ஸ்பீக்கர் வந்தது. இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1970-ல் வந்த ஜேபிஎல் எல்100 ஸ்பீக்கரை 2018-ல் 'கிளாசிக்' என்று பெயர் சேர்த்துத் திரும்ப விட்டார்கள். அதே ஆரஞ்சு நுரை முகப்பு. உள்ளே பழைய காகித ட்வீட்டர் இருந்த இடத்தில் டைட்டானியம் டோம் ட்வீட்டர். நல்ல ஸ்பீக்கர், குறை சொல்லவில்லை. ஆனால் அது எல்100 இல்லை, எல்100 வேஷம். யமஹாவும் தன் எச்எஸ் ஸ்பீக்கர் வரிசையில் வெள்ளைக் கோன் மாட்டித்தான் விற்கிறது. என்எஸ்-10 மூடிய பெட்டி, அந்த வரிசையின் எச்எஸ்5-க்குப் பின்னால் காற்று போகிற ஓட்டை. ஒற்றுமை வெள்ளையில் முடிந்துவிட்டது.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், அந்தத் தம்பிக்கும் அவருக்குக் கை தட்டியவர்களுக்கும். என்எஸ்-10-ஐத் திரும்பக் கொண்டு வா என்று நான் கேட்கவே இல்லை. பெட்டி வேண்டாம். கோன் கொடு, ட்வீட்டர் கொடு. அது முடியாதா? தாளின் தடிமன், எடை, உள்ளே இருக்கிற கம்பிச் சுருளில் (காயில்) எத்தனை சுற்று எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி வெளியிடு. எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"அளந்து பார்த்தாலே மோசமான ஸ்பீக்கர்தானே அது?" என்று ஒருவர் வருவார். எனக்குத் தெரியும், கிராஃபோடு வருவார். ஆமாம், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் இருக்காது. 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேடு. குரலும் கிட்டாரும் அங்கேதான் மோதிக்கொள்ளும், அந்த மேடு அதை மூஞ்சியில் அடித்தாற்போல் காட்டிவிடும். அதற்காகத்தானே வைத்திருந்தோம்? இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் சவுத்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் நிறைய ஸ்டுடியோ ஸ்பீக்கர்களை அளந்து பார்த்தார்கள். தாழ்ந்த சுரம் நின்றவுடன் தானும் நிற்பதில் என்எஸ்-10 முன்வரிசையில் இருந்தது. மூடிய பெட்டி என்பதால் கிக் டிரம் அடித்து முடிந்த பிறகு பெட்டி தன் பங்குக்கு முனகாது. உங்கள் கிராஃபில் இதற்கும் ஒரு கோடு உண்டு, தம்பி. அடுத்த பக்கத்தில் இருக்கும்.

நான் கோடம்பாக்கத்தில் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்த புதிதில், சீனியர் அண்ணன் ஒருநாள் "போய் டிஷ்யூ வாங்கிட்டு வாடா" என்றார். ஜலதோஷம் போல என்று நினைத்து, பக்கத்து ஹோட்டலில் கை துடைக்கிற பேப்பரை அள்ளிக்கொண்டு வந்தேன். அவர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இது வாய் தொடைக்கிறதுடா. ட்வீட்டருக்கு ஒத்தைத் தாள்தான் போடணும்" என்று ஒரு பேப்பரைப் பிரித்து, மேல் அடுக்கை உரித்துத் தூரப் போட்டு, மெல்லிய ஒன்றை மட்டும் ட்வீட்டர் மேல் ஒட்டினார். காதைக் குத்திக்கொண்டிருந்த ஹைஹாட் (டிரம் செட்டின் ஜோடித் தட்டு) அடங்கியது. அந்தத் தாளில் பட்டு ஒலி திரும்பி அடித்துக் குழப்பம் பண்ணும், தாளுக்குத் தாள் விளைவு மாறும் என்றெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1987 மாடலில் ட்வீட்டரையே சாந்தப்படுத்திவிட்டார்கள் என்பதும் அப்புறம்தான் தெரியும். ஆனால் ஒரு பொருளின் குறை என்ன என்று தெரிந்து, அதோடு குடும்பம் நடத்துவது என்று ஒன்று இருக்கிறது. பெருசுகள் அதைத்தான் செய்தார்கள். இதற்கு வியாதி என்று பெயர் வைப்பதற்கு முன்னால் ஒருநாள் அந்த ஒயரைச் சொருகிப் பாருங்கள்.

"கம்பெனி என்ன தர்ம சத்திரமா?" இல்லை. அடுத்த கேள்வி.

"பழசைக் கட்டிக்கொண்டு அழாமல் புதுசு வாங்கு." புதுசும் வாங்கினேன் ஐயா, மேசையில் இருக்கிறது, தினமும் அதில்தான் வேலை. கிளிப்ஷ் நிறுவனம் 1946-ல் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கரை இன்றுவரை நிறுத்தவில்லை, அவர்களிடமும் போய் இதைச் சொல்லுங்கள்.

"அவன்டோன் கம்பெனி என்எஸ்-10 மாதிரியே ஒன்று செய்கிறதே, பாகமும் விற்கிறதே?" விற்கிறது. கூரியரும் இறக்குமதி வரியும் கட்டி ட்வீட்டர் வரவழைத்துப் போட்டேன், பாட்டு ஓடுகிறது. குறையில்லை. ஆனால் எங்கோ இருக்கிற இன்னொருவரால் பார்த்துப் பார்த்துச் செய்ய முடிகிறது என்றால் பெற்றவருக்கு ஏன் முடியவில்லை? இது என் கட்சிக்குத்தான் சாட்சி.

எங்கள் ஊரில் ரேடியோ செட் கட்டுகிற மாமா ஒருவர் இருந்தார். ஹாரன் குழாய் எத்தனை திருவிழா, எத்தனை சாவு வீடு பார்த்திருக்கும்! குழாய் நசுங்கும், பெயின்ட் உரியும், குழாயைத் தூக்கிப் போடமாட்டார். பின்னால் இருக்கிற யூனிட்டைக் கழற்றி, எரிந்த டயஃப்ரத்தை (உள்ளே அதிர்கிற தகடு) எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டு, மறுபடி தென்னை மரத்தில் ஏற்றிவிடுவார். அந்த டயஃப்ரம் இன்றைக்கும் சாதாரணக் கடையில் கிடைக்கிறது. பந்தலில் கத்துகிற குழாய்க்கு இருக்கிற கொடுப்பினை, கிராமி வாங்கிய ஸ்பீக்கருக்கு இல்லை.

என் ஜோடியில் இடதுபக்க வூஃபரின் கம்பிச் சுருள் எரிந்தபோது ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது உள்ளே கறுப்புக் கோன். "சைஸ் கரெக்டா இருக்கு சார், வாட்ஸும் கூட" என்றார். வலப்பக்கம் பாடகி பாடினார், இடப்பக்கம் அவருக்குச் சளி பிடித்திருந்தது. கடைக்காரர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கையில் தொழில் இருக்கிறது, கொடுக்கச் சரக்கு இல்லை. அவரை "ரிப்பேர்காரன்" என்று ஏளனமாகப் பேசுவது, என்னைப் "பெருசு" என்பது, வேலை செய்கிற பொருளைத் தூக்கி அலமாரியில் பொம்மையாக வைப்பது, எல்லாம் ஒரே புத்திதான். இதற்கு மேல் எழுதினால் வாயில் வேறு வார்த்தை வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ மூடிய ஸ்டுடியோ கோடவுனிலோ யாரிடமாவது ஒரிஜினல் வெள்ளைக் கோன் வூஃபர் ஒன்று கிடந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். ஒட்டு தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். விலையை முதலிலேயே சொல்லிவிடுங்கள், 'ரேர் பீஸ் சார்' என்று ஆரம்பித்தால் பிளாக் செய்துவிடுவேன்.