பழைய மேலாளர் மைக் முன்னால் உட்காரும்போது

நேயர்கள் காசில் ஓடும் வானொலிக்குப் பழைய மேலாளர் விருந்தினராக வருகிறார் என்றால், அதைச் சாதாரணப் பேட்டியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விளம்பரத்தில் ஓடும் நிலையத்தில் மேலாளர் மாறினால் கேட்பவருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. இங்கே சந்தா கட்டுகிறவர் "நம்ம ஸ்டேஷன்" என்கிறார். மேலாளர் ஏன் போனார் என்று கேட்கவும் செய்வார்.

அமெரிக்காவில் பெர்க்லியின் கே.பி.எஃப்.ஏ. வானொலியைப் பாருங்கள். லூயிஸ் ஹில் 1949 ஏப்ரல் 15 அன்று தொடங்கியது. கேட்பவர்களில் 2 சதவீதம் பேர் ஆண்டுக்கு 10 டாலர் கொடுத்தால் நிலையம் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் போட்ட கணக்கு. 1999 மார்ச் கடைசியில், நிலையத்தின் உரிமையாளரான பசிஃபிகா அறக்கட்டளை மேலாளர் நிக்கோல் சவாயாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. உள்வீட்டுச் சண்டையை ஒலிபரப்பில் பேசக் கூடாது என்று தடை வேறு. 1970களில் அங்கேயே மேலாளராக இருந்த லாரி பென்ஸ்கி அதை மீறிப் பேசினார், வேலை போனது. ஜூலையில் ஊழியர்களை வெளியேற்றிக் கதவைப் பூட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2007-ல் அதே சவாயா பசிஃபிகாவின் நிர்வாக இயக்குநராகத் திரும்பி வந்தார்!

ஆகவே, கூப்பிடுங்கள், பேச விடுங்கள். ஆனால் நிதி திரட்டும் வாரத்தில் வேண்டவே வேண்டாம். பொது ஒலிபரப்புக்கென ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்துவிட்டது. பழைய முகத்தைக் காட்டிக் காசு கேட்கலாம் என்ற ஆசை இப்போது பல நிலையங்களுக்கு வரும். நன்கொடை நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தொலைபேசி எண்ணைச் சொல்லியாக வேண்டும். விருந்தினர் "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தால் எண் மறந்துபோகும், மணி அடிப்பதும் நின்றுபோகும். அதைவிடச் சிக்கல், "அவரைத் திரும்ப எடுத்தால்தான் காசு" என்று நிபந்தனையோடு வரும் அழைப்புகள். போன் எடுக்கும் தன்னார்வலர் அதற்கு என்ன பதில் சொல்வார், பாவம்?

பேட்டி எடுப்பவர், பழைய மேலாளர் வேலைக்கு வைத்த ஆளாக இருக்கக் கூடாது. கேள்வி தானாகவே குழைந்துவிடும். முந்தின நாள் போனில் பேசி ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: விலகும்போது நிலையத்தைப் பற்றிப் பேசமாட்டேன் என்று எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா? ஊழியர் யாரையும் பெயர் சொல்லிக் குறை கூற விடாதீர்கள். பதில் சொல்ல அந்த ஆள் அங்கே இல்லை. அவதூறு வழக்கு வந்தால் நிலையத்தையும் சேர்த்துத்தான் இழுப்பார்கள். நேரலையில் ஏழெட்டு விநாடி தாமதக் கருவி ஓடட்டும்: பேச்சைச் சில விநாடி பிடித்து வைத்து ஒலிபரப்பும், தகாத பேச்சு வந்தால் பொத்தானை அழுத்தி வெட்டிவிடலாம். அதன் பொத்தானைப் பேட்டி எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள், அவர் அடுத்த கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை அழுத்தினால் பிடித்து வைத்த விநாடிகள் தீர்ந்துவிடலாம், மறுபடி நிரம்பும்வரை பாதுகாப்பு கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய மேலாளர் இப்போது என்ன செய்கிறார் என்பதும் முக்கியம். தொண்டு நிறுவனம் நடத்திக்கொண்டு அதற்கு நன்கொடை கேட்டால், அது மூன்றாம் நபருக்கான நிதி திரட்டல். அமெரிக்காவில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. அரசு மானியம் வாங்காத நிலையங்களுக்கு 2017-ல் அந்த விதியைத் தளர்த்தினார்கள்: ஆண்டு ஒலிபரப்பு நேரத்தில் 1 சதவீதம் வரை கேட்கலாம். நாள் முழுக்க ஓடும் நிலையத்துக்கு அது 87 மணி நேரத்துக்குச் சற்று மேல். தேர்தலில் நிற்கிறார் என்றால் பேட்டியையே தள்ளிப்போடுங்கள்.

கேள்விகள் காசைச் சுற்றியே இருக்கட்டும். கோபுர வாடகை எவ்வளவு, டிரான்ஸ்மிட்டர் மின்கட்டணம் எவ்வளவு, இசை உரிமைத் தொகை எவ்வளவு, நன்கொடை நாட்கள் ஏன் நீண்டன, எந்த நிகழ்ச்சியை எடுத்ததில் தப்புக் கணக்குப் போட்டார்? இதையெல்லாம் அவரைப் போல விவரமாகச் சொல்ல நிலையத்தில் வேறு ஆள் இருக்காது. 'அந்த நாள் ஞாபகம்' பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரத்தில் கடைசி 20 நிமிடம் நேயர்களுக்கு. கோபமாகப் பேசுவார் என்று தெரிந்த அழைப்பை வடிகட்டாதீர்கள், அவரும் சந்தா கட்டியவர்தான். பதிவை வெட்டாமல் முழுசாக இணையத்தில் ஏற்றுங்கள்.

அடுத்த வாரம் இப்போதைய மேலாளருக்கும் அதே நேரம், அதே 60 நிமிடம், அதே பேட்டியாளர்.