சுழலும் உலை மட்டும் தொலைநோக்கி ஆடியைத் தந்துவிடாது

உருக்கிய போத்தல் கண்ணாடியைச் சுழற்றி ஆறவிட்டாலே தொலைநோக்கி ஆடி தயாராகிவிடும், தேய்க்கவே தேவையில்லை என்றொரு தகவல் ஹட்டன், நுவரெலியா வட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. இது தவறு.

சுழற்சியால் உருகிய கண்ணாடியின் மேற்பரப்பு பரவளைய வடிவம், அதாவது ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் குழிவான வளைவு, பெறுவது உண்மைதான். ஆனால் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆடி ஆய்வகத்தில், 8.4 மீற்றர் ஆடிக்கான போரோசிலிக்கேட் எனும், வெப்பத்தால் அதிகம் விரியாத கண்ணாடியை ஏறத்தாழ 1165 பாகை செல்சியஸில் உருக்கிச் சுழற்றி, சுமார் மூன்று மாதங்கள் ஆறவைத்த பின்னரும், அதன் பரப்பைச் சில பத்து நானோமீற்றர் (ஒரு நானோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு) துல்லியம் வரை தேய்த்து மெருகூட்டுகிறார்கள். ஒளியைத் தெறிக்கச் செய்யும் உலோகப் பூச்சு அதற்கும் பிறகே. குடைந்தெடுக்க வேண்டிய பெருமளவு கண்ணாடியைச் சுழற்சி மிச்சப்படுத்துகிறது, அவ்வளவே. இதனை அவ்வாய்வகத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

வானியலில் ஆர்வம்கொண்ட நம் தோட்டப் பிள்ளைகளுக்கு இது அனுப்பப்படுவது மிகவும் கவலைக்குரியது. சூடேறிய போத்தல் சீரற்று ஆறும்போது வெடித்துக் கண்களைக் காயப்படுத்தலாம். தயவுசெய்து இத்தகவலைப் பகிராதீர்கள்.