அந்தப் பிள்ளை உட்கார்ந்ததில் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

ரெண்டு நாளாக இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்த ஜவுளிக்கடை வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். என் பக்கத்தில் அதைப் பகிர மாட்டேன். அந்தப் பிள்ளையின் முகம் தெரிகிறது. ரேக்குக்கும் கவுண்ட்டருக்கும் நடுவே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ரெண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். அது உங்கள் யார் கண்ணிலும் படவில்லையா? படம் எடுத்த அம்மா, "கஸ்டமர் வந்து நிக்கிறோம், மகாராணி எந்திரிக்க மாட்டேங்குது பாருங்க" என்கிறார். மறுநாளே கடை மன்னிப்புக் கேட்டது. பிள்ளையை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. அதற்குக் கீழே "சரியான முடிவு", "சூப்பர் சார்" என்று வரிசையாகக் கைதட்டல். தட்டியவர்களில் பதினோரு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன்.

அவள் செய்தது தப்பில்லை. உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அதுவும் சட்டப்படி அவளுக்கு உள்ள உரிமை.

2021 செப்டம்பரில் நம் சட்டசபையில், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. கடையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் உட்கார இடவசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்கக் காலில் நிற்கிற நிலைமை இருக்கக் கூடாது. அந்தப் பிரிவு சொல்வது இதைத்தான். அப்படியானால் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்த பிள்ளையா சட்டத்தை மீறியது, ஒரு ஸ்டூல்கூடப் போடாத கடையா? கடை மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது யாரிடம்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரு தோழி இன்பாக்ஸில் கேட்டாள். பழைய நண்பர்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

1999இல் பிளஸ் டூ முடித்ததும் திசையன்விளைப் பக்கத்திலிருந்து என்னையும் இன்னும் ஆறு பிள்ளைகளையும் ஊர்க்காரர் ஒருவர் சென்னைக்குக் கூட்டிப்போனார். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். மூன்றாவது மாடி, புடவை செக்‌ஷன். காலை ஒன்பதரைக்குக் கவுண்ட்டரில் நிற்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும், அதற்கப்புறம் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கிவிட்டுத்தான் ஹாஸ்டல். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் எத்தனை மணிக்குப் படுத்தோம் என்றே தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு 20 நிமிஷம். மாடி இறங்கி, மெஸ் வரிசையில் நின்று, தின்று, மாடி ஏறுவதெல்லாம் அதற்குள். 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு விட வேண்டும் என்று அந்த 1947 சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு அது தெரிந்தது போன வருஷம்தான்.

உட்கார்ந்தால் பத்து ரூபாய் பிடிப்பார்கள். சம்பளம் 1,100 ரூபாய். செக்‌ஷனில் ஒரு ஈ காக்கை இல்லாத மத்தியான நேரத்திலும் நிற்கத்தான் வேண்டும். சுவரில் சாய்ந்தாலும் சூப்பர்வைசர் தூரத்திலிருந்து விரலைச் சொடுக்குவார். அந்தச் சொடுக்குச் சத்தம் இன்றைக்கும் எங்கேயாவது கேட்டால் என் முதுகு தானாக நிமிர்கிறது. கீழ்த் தட்டில் இருக்கிற புடவையை எடுக்கிற சாக்கில் குத்துக்கால் போட்டு உட்காருவோம், ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். ஒருத்தி உட்கார இன்னொருத்தி மறைத்து நிற்பாள். பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டும் என்பதால் தண்ணீரே குடிக்க மாட்டோம். ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. அந்த மூன்று நாட்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. பெண்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வருஷம் சாயங்காலமானால் கால் வீங்க ஆரம்பித்தது. அம்மா போட்டுவிட்ட கொலுசு சதைக்குள் பதிந்து தடம் போட்டது. கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அப்புறம் போடவே இல்லை. 2004இல் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தபோது முழங்காலுக்குப் பின்னால் பச்சைப் பச்சையாக நரம்பு முடிச்சு. மகள் வயிற்றில் இருந்தபோது அது கயிறு மாதிரித் திரண்டது. 2011இல் உள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, ஒரு சின்னப் புண். ஆறவே இல்லை. பதினான்கு மாதம். சுகர் இருக்கும் என்று சொல்லாத ஆள் இல்லை. நாலு தடவை ரத்தப் பரிசோதனை செய்தேன், சுகர் இல்லை.

கடைசியில் ஒரு டாக்டர்தான் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். காலுக்குப் போன ரத்தம் மேலே இதயத்துக்கு ஏற வேண்டும். அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ரத்தத்தைத் தள்ளும். தள்ளின ரத்தம் மறுபடி கீழே விழாமல் ரத்தக்குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. அசையாமல் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் தசை வேலை செய்யாது, ரத்தம் காலிலேயே தேங்கும், அழுத்தத்தில் குழாய் விரியும், வால்வு மூடாமல் போகும். வால்வு கெட்டால் கெட்டதுதான், திரும்பச் சரியாகாது. "என்னம்மா வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "எத்தனை வருஷம்?" அஞ்சு. தலையை ஆட்டிக்கொண்டே ஆபரேஷனுக்கு எழுதினார்.

வீடியோவில் அந்தப் பிள்ளை கணுக்காலைப் பிடித்திருந்தது எனக்கு மட்டும் ஏன் தெரிந்தது என்று இப்போது புரிகிறதா?

இனி கமென்ட்டுகளுக்கு வருகிறேன்.

"டீச்சர் நிக்கலையா, டிராஃபிக் போலீஸ் நிக்கலையா?" நிற்கிறார்கள். அவர்கள் காலும் கெடுகிறது. ஒருத்தருக்குக் கால் கெடுவதால் இன்னொருத்தருக்கும் கெடட்டும் என்பது என்ன நியாயம்? டீச்சருக்கு வகுப்பில் ஒரு நாற்காலி உண்டு. அவர் உட்கார்ந்தால் யாரும் பத்து ரூபாய் பிடிப்பதில்லை.

"ஐ.டி.யில் உட்கார்ந்தே முதுகு போகுது." உண்மை. அதையும் எழுதுங்கள், நான் வந்து பகிர்கிறேன். இங்கே வந்து இவள் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

"சட்டம்தான் இருக்கே, புகார் கொடுக்க வேண்டியதுதானே?" தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஹாஸ்டல் கடையுடையது, சோறு கடையுடையது, ஊருக்குப் போகிற நாளைச் சொல்வது கடை, வேலைக்குச் சேர்த்துவிட்ட ஆள் அப்பாவுக்குத் தெரிந்தவர். இதற்குள் இருக்கிற பத்தொன்பது வயசுப் பிள்ளை எந்த நாள் எந்த நேரத்தில் போய்ப் புகார் கொடுப்பாள்? ஒரு நாள் நீங்கள் அவளோடு போய்விட்டு வாருங்களேன்.

"கஸ்டமர் முன்னாடி உட்கார்வது மரியாதைக் குறைவு." இதுதான் அதிகப் பேர் எழுதியது. இதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நம் ஊர் பழைய ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். இடுப்புயர மேடை, அதன்மேல் மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு. கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், எங்கள் ஆச்சியும் எதிரே ஏறி உட்கார்ந்து முந்தியை விரித்துப் பார்ப்பாள். சில கடைகளில் இன்றைக்கும் அப்படித்தான் வியாபாரம். யாருக்கு மரியாதை குறைந்தது? கடை பெரிதாகி, கண்ணாடி வந்து, ஏசி வந்து, கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்பவர்கள் சம்பளத்துக்கு வந்த பெண்பிள்ளைகள் என்று ஆன பிறகுதான் இந்த மரியாதை முளைத்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கசந்தாலும் பரவாயில்லை. எங்கள் ஊரில் எங்கள் தாத்தா சில தெருக்களில் திண்ணையில் உட்கார முடியாது. கூலி வாங்கப் போனால் முற்றத்தில் நிற்க வேண்டும், துண்டு இடுப்பில் இருக்க வேண்டும். "எந்திரிக்க மாட்டேங்குது பாருங்க" என்ற அந்தக் குரலில் நான் கேட்டது அந்த முற்றத்தைத்தான். அந்த அம்மா அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார் என்று ஒருவர் வாதாடினார். நினைக்காமலே வருகிறது என்பதுதானே எனக்குப் பயமாக இருக்கிறது.

கேரளாவில் இது வேறு மாதிரி நடந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண் அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பை ஆரம்பித்தார். கழிப்பறையில் தொடங்கின போராட்டம் உட்காருகிற உரிமைக்கு வந்தது, 2018இல் அந்த மாநிலம் சட்டத்தையே திருத்தியது. உட்கார்ந்ததற்காக அங்கே சம்பளம் வெட்டுப்பட்ட பெண்கள் தெருவில் இறங்கி உட்கார்ந்தார்கள். இங்கிலாந்தில் 1899லேயே கடைப் பெண்கள் மூன்று பேருக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் இருந்தது. நம் நாட்டிலும் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். கடைப் பிள்ளைகளுக்கு நாம் அதை எழுத 2021 ஆனது. எழுதின பிறகும் அட்டைப்பெட்டிதான்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதா வந்தபோது இதே முகநூல் எப்படிக் கொதித்தது! நானும் எழுதினேன். பல கட்சிகள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன, மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நல்ல விஷயம். அன்றைக்குக் கொதித்த அதே ஆட்கள்தான் இன்றைக்கு இந்தப் பிள்ளைக்குக் கீழே "வேலை நேரத்தில் ஒழுக்கம் வேண்டும்" என்று எழுதுகிறீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை போகிற வேலை என்றால் உரிமை, ஹாஸ்டலில் தங்கிப் புடவை மடிக்கிற பிள்ளை என்றால் ஒழுக்கமா?

போன மாதம் மகளுக்குப் பாவாடை தாவணி எடுக்கப் போயிருந்தேன். கடையில் கூட்டம் இல்லை. காட்டின பிள்ளை ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த நிலை தெரியும். "உட்காரும்மா, நான் மெதுவாப் பார்த்துக்கிறேன்" என்றேன். கண்ணை மட்டும் மேலே காட்டினாள். கேமரா. "வேண்டாம்க்கா, பரவாயில்ல" என்றாள். நான் முப்பது தாவணியைப் பிரித்துப் போடச் சொல்ல நினைத்திருந்தேன். ஏழில் முடித்துக்கொண்டேன். நாம் எல்லாருமே இதில் இருக்கிறோம். ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "இதே டிசைன்ல வேற கலர் இல்லையா" என்று கேட்டுவிட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறபோது, எழுந்து போகிறோம் என்றால் அதுவரை நாம் உட்கார்ந்திருந்தோம் என்றுதானே அர்த்தம். நமக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

எனக்கு அதிகமாக வலித்த கமென்ட் ஒன்று உண்டு. ஊரில் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணன் எழுதியது. என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர், நான் மதிக்கிறவர். "அந்தக் கடைச் சோத்தைத் தின்னுதானம்மா நீ நகை சேர்த்துக் கல்யாணம் பண்ணுன? இப்ப அதையே பேசலாமா?"

அண்ணே, சோறு தின்றேன். அஞ்சு வருஷம் நின்று தின்றேன். நாலு பவுன் சேர்த்தேன். அதில் இரண்டு பவுன் 2012இல் காலுக்கே போய்விட்டது. நன்றி இல்லாதவள் என்று நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நான் அழுதேன், அதையும் மறைக்க மாட்டேன். முதலாளிகளும் கஷ்டப்பட்டு மேலே வந்தவர்கள் என்கிறீர்கள். வந்திருக்கட்டும். அந்தக் கஷ்டத்தில் அவர்கள் ஒரு நாளாவது உட்கார்ந்திருப்பார்களே. இடம் போதாது, சின்னக் கடை, ஸ்டூல் எங்கே போடுவது என்று நீங்கள் கேட்டது ஒன்றுதான் யோசிக்க வேண்டிய கேள்வி. மடக்கி வைக்கிற ஸ்டூல் இருக்கிறது. சுவரோடு பொருத்தித் தேவையானபோது இறக்கிக்கொள்கிற பலகை இருக்கிறது. எங்கள் ஊர் ஆசாரியே செய்து தருவார்.

இதை எழுதும்போதும் காலைத் தலையணைமேல்தான் தூக்கி வைத்திருக்கிறேன். ராத்திரியில் இன்னும் கடுக்கிறது.

அண்ணே, உங்கள் கடையில் ரெண்டு பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள், எனக்குத் தெரியும். ரெண்டு ஸ்டூல் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை கடைக்கு வரும், பணம் கொடுத்தாயிற்று. வேண்டாம் என்றால் எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள், இங்கே கமென்ட்டில் வேண்டாம்.