இலவங்காயைக் கையில் கொடுங்கள்

மரபுத்தொடர்களைப் பொருளோடு பட்டியல் போட்டு பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் எனக்கு அது ஒத்துவரவில்லை. 'இலவு காத்த கிளி' என்றால் ஏமாற்றம் என்று பிள்ளைகள் சரியாகவே எழுதினார்கள். கிளி ஏன் ஏமாந்தது என்று கேட்டால் வகுப்பே அமைதி. அப்புறம் இரண்டு இலவங்காய்கள் கொண்டுபோனேன், ஒன்று பச்சை, ஒன்று முற்றியது. பச்சைக்காயைப் பார்த்து, பழுத்தால் தின்னலாம் என்றார்கள். முற்றியதை உடைத்தேன், பஞ்சு பறந்தது. "பாவம் டீச்சர் அந்தக் கிளி!" என்றாள் ஒரு சிறுமி. அதற்குமேல் நான் பொருள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. 'கிணற்றுத் தவளை'க்கு ஒரு படம் போதும். 'பசுமரத்தாணி'க்குக் காய்ந்த கட்டையிலும் பச்சைக் கிளையிலும் ஆணி அடித்துக் காட்டுங்கள்.