"இது செல்லாது சார்" என்று சொல்பவனின் பக்கத்திலிருந்து

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பேராசிரியர் பில்லை நீட்டும்போது "இது செல்லாது சார்" என்று சொல்லும் அந்த ஆள். திட்டு வாங்கி வாங்கித் தோல் தடித்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நிதி கேட்டு விண்ணப்பம் எழுத எத்தனையோ பயிலரங்குகள் நடக்கின்றன. கிடைத்த பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. அடிப்படை விஷயமே பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலும் நிதி நிறுவனம் ஒப்பந்தம் போடுவது பல்கலைக்கழகத்தோடு. கணக்கு தவறினால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டியதும் பல்கலைக்கழகம்தான். "என் ப்ராஜெக்ட், என் பணம், கேட்க நீ யார்?" என்ற சண்டையில் பாதி இது தெரியாததால் வருவது.

நான் பார்த்தவரை ப்ராஜெக்ட்டில் திருட்டு அபூர்வம். ப்ராஜெக்ட்டைக் கெடுப்பது முதல் ஆறு மாதம். அனுமதிக் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிடும். இங்கே கணக்கு எண் திறக்க ஒரு மாதம், ஆள் எடுக்க விளம்பரம், நேர்காணல், அப்புறம் நெறிமுறைக் குழுவின் அனுமதி, கருவிக்கு டெண்டர். ஆய்வு மாணவர் சேர்வதற்குள் எட்டாவது மாதம் வந்திருக்கும். முதல் வருடப் பணம் அப்படியே கிடக்கும். கடைசி வருடம் எல்லாருக்கும் பேய் பிடித்ததுபோல் ஓட்டம்.

ஒருவர், ப்ராஜெக்ட் முடிய 19 நாள் இருக்கும்போது மூன்று கணினிக்கு பில் கொண்டுவந்தார். பட்ஜெட்டில் பணம் இருந்தது, செலவுத் தலைப்பும் சரி, மேலே கையெழுத்தும் ஆகிவிட்டது. தணிக்கைக்கு வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த 19 நாளில் இந்த மூன்று கணினியும் இந்த ஆய்வுக்கு என்ன செய்தன?" பேராசிரியரிடம் பதில் இல்லை. பணத்தை வேறு கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினோம். அன்றைக்கு அவர் என்மேல் எரிந்து விழுந்தார். ஆறு மாதம் முன்பு இதே கேள்வியை நான் கேட்டிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது என்பது எனக்கும் உறுத்தியது.

கால நீட்டிப்பு கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம், ஆனால் முடிவதற்கு முன்பே கேட்கவேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி நிதிகள் பலவற்றில், கூடுதல் பணம் கேட்காமல் ஒரே ஒருமுறை 12 மாதம் வரை பல்கலைக்கழகமே நீட்டிக்கொள்ள முடியும். முடிவுத் தேதிக்குக் குறைந்தது 10 நாள் முன்பு தகவல் சொல்லிவிட வேண்டும். மிச்சமிருக்கும் பணத்தைத் தீர்ப்பதற்காக மட்டும் நீட்டிக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. எழுதியவர் நம் ஆட்களை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்!

சரி, பேராசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓவர்ஹெட், அதாவது பொதுச் செலவு, என்று பல்கலைக்கழகம் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் ஆய்வு நிதித் திட்டத்தில் அது நேரடிச் செலவில் 25 சதவீதம். அமெரிக்காவில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அரசோடு பேசி முடிவு செய்துகொள்ளும் விகிதம். 1990-91-ல் அங்குள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஓவர்ஹெட் கணக்கில் ஒரு உல்லாசப் படகின் தேய்மானம் வரை கிடந்தது வெளியே வந்து பெரிய ரகளை ஆனது. அதன் பிறகு நிர்வாகச் செலவுக்கு 26 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்தப் பணத்தில் கட்டடமும் மின்சாரமும் நடக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆய்வாளருக்கு அது கண்ணில் தெரிவதில்லை. அவர் பார்ப்பது ஒரு இணையதளம், அதில் 14 கட்டம் கொண்ட படிவம், "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற வரி.

அமெரிக்காவில் கூட்டாட்சி நிதி பெறும் ஆய்வாளர்களிடம் 2018-ல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஆய்வுக்கான நேரத்தில் ஏறக்குறைய 44 சதவீதம் விண்ணப்பம், அறிக்கை, அனுமதி போன்ற வேலைகளுக்கே போகிறது என்றார்கள். 2005-லும் 2012-லும் அது 42. நடுவில் எத்தனை மென்பொருள் வந்தது, நினைத்துப் பாருங்கள்.

அதனால் நான் கேட்பது புதிய இணையதளம் இல்லை, ஓவர்ஹெட் பணத்தில் ஒரு ஆள். ஒவ்வொரு துறைக்கும், ப்ராஜெக்ட் கணக்கு மட்டும் பார்க்கிற ஒருவர், ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில். கடிதம் வந்த வாரமே பேராசிரியரோடு உட்கார்ந்து எந்த மாதம் எதை வாங்குவது, யாரை எடுப்பது என்று எழுதிவிடவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைப் பார்த்து, "சார், சம்பளத் தலைப்பில் ஒரு பைசா நகரவில்லையே, என்ன ஆச்சு?" என்று கேட்கவேண்டும். ஒருவருடைய சம்பளம் தவறான ப்ராஜெக்ட்டில் போனால் அந்த மாதமே திருத்தவேண்டும். ஒரு வருடம் கழித்து மாற்றினால் தணிக்கையாளரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

அந்த 19 நாள் பேராசிரியருக்குப் பிறகு இன்னொரு நிதி கிடைத்தது. கடிதம் வந்த அன்றே என் மேஜைக்கு வந்தார். ஆள் எடுக்கும் விளம்பரத்தை அவரே எழுதி வைத்திருந்தார். கூடவே இரண்டு கணினிக்கான விலைப்பட்டியல். ஒன்றுதான் செல்லும் என்றேன். முறைத்தார், ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.